ஒரே கூடத்தில் பதினொருவர்: நாகர்கோவில் டாங்கோ வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நாகர்கோவிலில் பார்வதிபுரம் பக்கம் ஒரு வீட்டின் மாடிக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை, 12 வாரங்கள் நான் நடத்திய டாங்கோ வகுப்பைப் பற்றிய பதிவு இது. சேர்ந்தவர்கள் 11 பேர்: ஆண்கள் 5, பெண்கள் 6. வயது 19 முதல் 61 வரை. ஆடிப் பழகிய காலமோ, ஒன்றுமில்லை என்பதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் வரை. இத்தனை ஏற்றத்தாழ்வு உள்ளவர்களை ஒரே நேரத்தில், ஒரே தரையில், ஒரே இசைக்கு எப்படிப் பயிற்றுவிப்பது என்ற கேள்விக்கு நான் முதலில் கண்ட இரண்டு விடைகளும் தவறாகப் போயின. மூன்றாவது விடை பெருமளவு வேலை செய்தது. மூன்றையும் நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சினிமாவில் வாயில் ரோஜாவைக் கடித்துக்கொண்டு தலையை வெடுக்கென்று திருப்பும் ஆட்டம் இதுவன்று. தென் அமெரிக்காவின் ரியோ தெ லா பிளாத்தா நதியின் இரு கரைகளில், புவெனஸ் அயர்ஸிலும் மான்டிவிடியோவிலும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாகி, 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற ஆட்டம். இதில் முன்கூட்டியே கோத்து வைத்த அடவு வரிசை கிடையாது. இருவர் அணைத்து நிற்பார்கள்; ஒருவர் லீட், மற்றவர் ஃபாலோ; அடுத்த அடி எது என்பதை அந்தக் கணத்தில் ஒருவர் தீர்மானிக்க, மற்றவர் அதை உடம்பால் வாங்கிக்கொள்வார். நிலை வேறுபாடு இந்த ஆட்டத்தில் பெரும் சிக்கலாவதற்குக் காரணமும் இதுவே. குழு நடனத்தில் அடவு தெரியாதவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். இங்கே தெரியாதவரின் தடுமாற்றம் அப்படியே தெரிந்தவரின் தோளுக்கு வந்துவிடும்.

பெரிய ஊரில் இதற்குத் தீர்வு எளிது. தொடக்க நிலை, இடை நிலை, உயர் நிலை என்று மூன்று வகுப்பு வைத்துவிடலாம். நான் எட்டு ஆண்டுகள் ஆடிப் பழகிய பெங்களூரில் அப்படித்தான் கற்றேன். இங்கே மூன்றாகப் பிரித்தால் ஒரு வகுப்பில் மூன்றரை ஆள் தேறும். ஆகவே ஒரே வகுப்பு என்பது என் கொள்கையாக அமைந்ததன்று. ஆள் கணக்கு அப்படி அமைந்தது.

வந்தவர்கள்

குளச்சலுக்கு அருகிலுள்ள கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒருவர், சொகுசுப் பயணக் கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் நடனம் ஆட வந்த ஒரு தம்பதியரிடம் வேலை முடிந்த இரவுகளில் கற்றுக்கொண்டிருக்கிறார். காலைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கும் காஞ்சோ, சாட்டைபோல் வீசும் போலெயோ என்று மேடை ஆட்டத்தின் வித்தைகள் அத்தனையும் அவருக்குத் தெரியும். இவரைக் கப்பல்காரர் என்றே குறிப்பிடுகிறேன். வகுப்பிலும் அதுதான் பெயர். அடுத்து, டப்ளினில் செவிலியராக இருந்து ஊர் திரும்பிய ஒரு பெண்ணும் அவர் கணவரும். அங்கே மூன்று ஆண்டுகள் வார இறுதியில் ஆடியவர்கள். ஆக, ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள் மூவர்.

மீதி எட்டுப் பேரும் டாங்கோவுக்குப் புதியவர்கள். ஆனால் ‘புதியவர்’ என்ற சொல்லில் எத்தனை வகை அடங்கிக் கிடக்கிறது என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகள் பரதநாட்டியம் பயின்று கற்றுக்கொடுத்தும் வருபவர் ஒருவர். தக்கலைப் பக்கத்திலிருந்து வந்த, மொபைல் கடையில் வேலை பார்க்கும், திருவிழாக்களில் களியல் ஆடும் இளைஞர் ஒருவர். முப்பந்தல் காற்றாலையில் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர். வங்கி அதிகாரி ஒருவர். பல் மருத்துவர் ஒருவர். முழங்கால் வலியோடு வந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர். கல்லூரி மாணவியர் இருவர். இவர்கள் எட்டுப் பேரையும் பதிவுப் படிவத்தில் ‘அனுபவம்: இல்லை’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைத்திருந்தேன்.

முதல் மூன்று வாரம்: கூடத்தை இரண்டாகப் பிரித்தது

கூடம் நீளமானது, நடுவே ஒரு தூண். தூணுக்கு இந்தப் பக்கம் எட்டுப் பேருக்கு நடைப் பயிற்சி, அந்தப் பக்கம் மூவருக்குத் திருப்பங்கள் என்று பிரித்தேன். பதினைந்து நிமிடம் இங்கே, பதினைந்து நிமிடம் அங்கே என்று நான் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு வகுப்பையும் அரை வகுப்பாக்கினேன் என்பதைத் தவிர அந்த ஓட்டத்தால் பயனில்லை.

எட்டுப் பேரின் கண்ணும் தூணுக்கு அந்தப் பக்கமே இருந்தது. நடை என்பது யாருக்கும் கற்க வேண்டிய பொருளாகத் தோன்றுவதில்லை. பிறந்ததிலிருந்து நடக்கிறோமே என்ற எண்ணம். அந்தப் பக்கம் கப்பல்காரர் காலை வீசுகிறார். இந்தப் பக்கம் நான் ‘பைய, பைய’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது வாரம் நான் முதுகைக் காட்டி நின்ற நேரத்தில் மாணவியருள் ஒருவர் கண்டதைச் செய்து பார்க்கப் போய், அவர் குதிகால் பல் மருத்துவரின் கணுக்காலில் பட்டுத் தோல் உரிந்துவிட்டது. பெரிய காயமில்லை, ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது, வகுப்பில் எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்பதை நானே ஒரு தூணால் எல்லை போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

இன்னொரு இழப்பு காயத்தைவிடப் பெரியது. நல்ல அணைப்பு எப்படி இருக்கும், எடை மாறுவது மார்பில் எப்படித் தெரியும் என்பதெல்லாம் சொல்லிப் புரிகிற காரியங்களல்ல. தெரிந்த உடம்பு ஒன்றோடு ஆடித்தான் தெரிய வேண்டும். பழைய புவெனஸ் அயர்ஸில் இளைஞர்கள் பிராக்டிகா எனப்படும் பயிற்சிக் கூடங்களில் ஆண்களோடு ஆண்களாகப் பழகினார்கள் என்றும், புதிதாக வந்தவன் மூத்தவர்களிடம் முதலில் ஃபாலோ செய்து பழகி, பிறகே லீட் செய்ய விடப்பட்டான் என்றும் பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். கலப்பு வகுப்பு என்பது குறையாக வந்த ஏற்பாடு அன்று. ஆட்டம் வளர்ந்த வழியே அதுதான். நானோ புதியவர்களைப் புதியவர்களோடு மட்டும் ஆடவிட்டு, குருடருக்குக் குருடரைக் கோல் பிடிக்கச் சொல்லியிருந்தேன்.

நான்காம் வாரம்: தெரிந்தவர்களை உதவி ஆசிரியராக்கியது

தூணை மறந்துவிட்டு எல்லோரையும் கலந்தேன். ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு. பிறகு ஜோடி மாற வேண்டும். தெரிந்த மூவரும் தங்களிடம் வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றும் அறிவித்தேன். இதைவிட மோசமான அறிவிப்பை நான் செய்ததில்லை.

கப்பல்காரர் பாட்டு முழுவதும் பேசினார். நல்ல மனத்தோடுதான் பேசினார். தோளை இறக்குங்கள், முழங்காலை விடுங்கள், இப்போது குறுக்கே போடுங்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, எதிரே இருப்பவர் உடம்பைக் கேட்பதை விட்டுவிட்டு அவர் வாயைக் கேட்கத் தொடங்கினார். லீட் பழகியவர்களுக்கும் ஃபாலோவின் நிலை தெரிய வேண்டும் என்று எல்லோரையும் இரு பக்கமும் ஆடவைத்திருந்தேன். அப்படிக் கப்பல்காரருக்கு ஃபாலோ செய்து முடித்த வங்கி அதிகாரி நேராக என்னிடம் வந்தார். “டீச்சரே, காது ஒரு பக்கம் போவச் சொல்லுது, கையி ஒரு பக்கம் போவச் சொல்லுது, நான் எங்கதான் போவ?” என்றார். கூடம் சிரித்தது. ஆனால் கலப்பு வகுப்பின் நோயை அதைவிடச் சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அன்றே ஒரு விதி வைத்தேன். பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. பாட்டு முடிந்தபின் கேட்டால் மட்டும் சொல்லலாம். கேட்டதற்கு மட்டும் சொல்லலாம். மிலோங்கா எனப்படும் டாங்கோ ஆட்டக் கூட்டங்களில் ஆடுதளத்தில் எதிரிலிருப்பவருக்குப் பாடம் எடுப்பது எங்கேயும் அநாகரிகமாகவே கருதப்படுகிறது. அந்த நாகரிகத்தை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தேன். திருத்தும் உரிமை எனக்கு மட்டும் என்று ஆனபின், தெரிந்தவர்கள் தங்களைக் காட்ட வேண்டிய ஒரே வழி நன்றாக ஆடுவது என்று ஆயிற்று.

ஐந்தாம் வாரம்: எந்தக் காலில் நிற்கிறார்?

இந்த ஆய்வில் நான் மிகுதியாகச் சொல்ல விரும்புவது இந்த ஒரு மாலையைப் பற்றித்தான்.

டாங்கோவில் லீட் செய்பவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டிய செய்தி ஒன்று: எதிரிலிருப்பவரின் எடை இந்தக் கணத்தில் எந்தக் காலில் இருக்கிறது என்பது. எடை இருக்கும் கால் நகராது. எடையற்ற கால்தான் நகரும். இதைத் தெரியாமல் அழைப்பவர், நிற்கும் காலை நகர்த்தச் சொல்லி எதிரிலிருப்பவரைத் தள்ளுகிறார். தள்ளுவது தெரியாமல் ‘இவருக்கு வரவில்லை’ என்கிறார்.

அணைப்புக்கு முன் இதைக் கற்பிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. நம் ஊரில் கணவன் மனைவியல்லாத ஆணும் பெண்ணும் மார்போடு மார்பு சேர்ந்து நின்று ஆடுவது முதல் மாதத்திலேயே நடக்கிற காரியமன்று. அதை நான் குறையாகவும் நினைக்கவில்லை. களியல் ஆடும் இளைஞர் தம் பையிலிருந்து தீர்வை எடுத்தார். களியல் இந்த மாவட்டத்தின் ஆட்டம். குத்துவிளக்கைச் சுற்றி வட்டமாக நின்று, ஆசான் பாடத் தாளம் போட, கையிலுள்ள குறுங்கம்புகளை அடுத்தவர் கம்போடு அடித்தபடி ஆடுவது. அவர் கொண்டுவந்த கம்புகளில் இரண்டை வாங்கி, எதிரெதிரே நின்ற இருவரின் உள்ளங்கைகளுக்கு நடுவே படுக்கைவசமாக வைத்தேன். விரலால் பிடிக்கக் கூடாது. இருபுறமிருந்தும் உள்ளங்கை தரும் அழுத்தம் மட்டுமே கம்பைத் தாங்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் கம்பு விழும். கூடினால் உள்ளங்கை வலிக்கும். ஒருவர் எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றினால், அது கம்பின் வழியே மற்றவர் தோள்வரை வந்து சேரும்.

பயிற்சி இதுதான். ஃபாலோ செய்பவர் நின்ற இடத்திலேயே பைய எடையை மாற்றிக்கொண்டிருந்து, தமக்குத் தோன்றியபோது நிறுத்த வேண்டும். லீட் செய்பவர் கண்ணை மூடியபடி, எடை எந்தக் காலில் என்று சொல்ல வேண்டும். ஆளுக்குப் பத்து முறை.

களியல்காரர் பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னார். தமிழாசிரியை எட்டு. காற்றாலைப் பணியாளர் ஏழு. கப்பல்காரர் முதல் மூன்றைச் சட்டென்று சொல்லித் தவறவிட்டார். நான்காவதில் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். பத்து முடிந்தபோது அவர் சரியாகச் சொன்னவை நான்கு. நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தால் ஐந்து வந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அவர் கம்புகளைக் கையில் வைத்தபடி சிறிது நேரம் நின்றுவிட்டு, “பதினஞ்சு வருசமா நான் தள்ளிட்டுதான் இருந்திருக்கேன் போல” என்றார். பிறகு களியல்காரரைக் கூப்பிட்டு, “மக்கா, எப்பிடி ஒனக்குத் தெரியுது, சொல்லு” என்று கேட்டார். அந்தப் பையனோ, “தெரியலண்ணே. அடுத்த ஆளு கம்பு வருமுன்னே அவன் காலு வந்துரும். அது தெரியாம கையை நீட்டுனா வெரலு போயிரும்” என்றார்.

அந்த மாலை எனக்குத் தெளிவானது: நிலை என்பது ஓர் ஏணி அல்ல. தாளத்தைக் கேட்கும் காது, தன் எடையைத் தானே தாங்கி நிற்கும் உடம்பு, எதிரிலிருப்பவரின் எடையை உணர்தல், தரையில் பிற ஜோடிகளுக்கு இடம்விட்டு நகரும் கவனம், காஞ்சோ, போலெயோ போன்று தெரிந்த வடிவங்களின் எண்ணிக்கை என்று குறைந்தது ஐந்து தனித்தனித் திறன்கள் இருக்கின்றன. இவற்றில் கண்ணுக்குச் சட்டென்று தெரிவது கடைசி ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்தே நான் கூடத்தைப் பிரித்திருந்தேன். மற்ற நான்கில் என் ‘புதியவர்’ பலர் என் ‘தெரிந்தவரை’ விட முன்னால் இருந்தார்கள்.

ஒரே பாடம், ஆளுக்கொரு கட்டுப்பாடு

ஆறாம் வாரத்திலிருந்து எல்லோருக்கும் பாடம் ஒன்றே. நடை, நிற்றல், எடை மாற்றம், பிறகு குறுக்குக் கால், பிறகு எட்டு என்ற எண்ணைத் தரையில் வரைவதுபோன்ற ஓச்சோ, அவ்வளவே. தெரிந்தவர்களுக்கு அதிகப் பாடம் கொடுப்பதை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு கட்டுப்பாடு விதித்தேன். கட்டுப்பாடு என்பது தண்டனையன்று. ஒருவர் எதை வைத்துச் சமாளித்துவிடுகிறாரோ அதை எடுத்துவிடுவது.

கப்பல்காரருக்கு முதல் இரண்டு வாரம் வடிவங்கள் எதுவும் கிடையாது. நடையும் நிற்றலும் மட்டும். அதன்பின் மூன்று வடிவங்களை அனுமதித்தேன். ஆனால் மூன்றையும் எந்தக் காலிலிருந்தும் தொடங்கத் தெரிய வேண்டும், கூடத்து மொசைக் தரையில் கண்ணாடிப் பட்டை பிரித்துக் காட்டும் இரண்டு சதுரங்களுக்குள் முடிக்கவும் வேண்டும். போலெயோ வீசுவதற்கு இரண்டு சதுரம் போதாது. அது தானாகவே ஒழிந்தது.

பரதநாட்டிய ஆசிரியையின் சிக்கல் நேரெதிரானது. தாளம் அவர் இரத்தத்தில் இருக்கிறது; அதனாலேயே லீட் அழைப்பதற்கு முன்னால் கால் போய்விடும். தட்டி வைத்துப் பழகிய பாதம் வேறு. டாங்கோவில் பாதம் தரையைத் தட்டாது, தடவிக்கொண்டு போகும். அவருக்குக் கண்ணை மூடி ஆட வேண்டும் என்பது ஒரு கட்டுப்பாடு. தாளம் பளிச்சென்று கேட்கும் ஹுவான் தாரியென்சோ குழுவின் இசைக்கு ஃபாலோ செய்யக் கூடாது என்பது இன்னொன்று. தாரியென்சோவைத் தாளத்தின் அரசர் என்றே அர்ஜென்டினாவில் அழைத்தார்கள். அந்த அரசரின் ஆணையை மீறி நிற்கும் மனம் அவருக்கு முதலில் வரவில்லை. நீண்ட இழுப்பும் நிதானமான பியானோவும் கொண்ட கார்லோஸ் தி சார்லி குழுவின் இசையில், அடுத்த அடி எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதபோது, அவர் காத்திருக்கக் கற்றார். ஒன்பதாம் வாரம் என்னிடம், அரைமண்டி இல்லாமல் நிற்பதற்கே தமக்கு ஆறு வாரம் ஆயிற்று என்று சொல்லிச் சிரித்தார்.

களியல்காரருக்கு நிற்கத் தெரியாது. களியலில் பாட்டு மெல்லத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போகும்; ஏறிய வேகத்தில் நின்றால் அடுத்தவர் கம்பு மேலே விழும். ஆகவே டாங்கோவின் இடைநிறுத்தம் அவர் உடம்புக்குக் கேடு என்றே பட்டது. அவருக்கு விதித்தது: ஒவ்வொரு இசைவரியின் முடிவிலும் நிற்க வேண்டும், நின்ற இடத்தில் ஃபாலோ செய்பவரின் மூச்சு ஒருமுறை முடிந்தபின் நகர வேண்டும். மூச்சைக் கணக்கெடுக்கச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

தமிழாசிரியையின் முழங்காலுக்காக, இடுப்பிலிருந்து சுழன்று திரும்பும் ஓச்சோவுக்குப் பதில், நெருங்கிய அணைப்பில் சுழலாமல் கால்களை மாற்றி மாற்றிக் குறுக்கே வைத்து நடக்கும் ஓச்சோவைக் கொடுத்தேன். இது சலுகை அல்ல. நெரிசலான மிலோங்காக்களில் தேர்ந்தவர்கள் ஆடும் முறையே இதுதான். இதைச் சொன்னதும் மாணவியரும் அதையே கேட்டார்கள்.

முழங்கால் என்றதும் தரையைப் பற்றி ஒரு செய்தி. வகுப்பின் பிற்பாதி வடகிழக்குப் பருவமழையில் விழுந்தது. ஈரக் காற்றில் மொசைக் தரை ரப்பர் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்ப, பாதம் திரும்பாமல் நிற்க, முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் இறங்கும். முதலில் ஷூவுக்கு மேல் பழைய சாக்ஸை மாட்டிச் சமாளித்தோம். பிறகு நால்வர் தங்கள் கேன்வாஸ் ஷூவை வடசேரியில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தோல் அடிப்பாகம் ஒட்டித் தைத்து வாங்கினார்கள். புதியவர்களுக்குத் திருப்பம் வராததற்குப் பாதிக் காரணம் செருப்பு என்பது அப்போது தெரிந்தது. ஆசிரியர்கள் இதை முதல் வாரமே பார்க்க வேண்டும். நான் எட்டாம் வாரம் பார்த்தேன்.

காத்திருப்பவரின் நாற்காலி

பதினொரு பேர் என்றால் எப்போதும் ஒருவர் மிஞ்சுவார். தொடக்கத்தில் அதை நிரப்ப நானே இறங்கி ஆடினேன். அதனால் கூடத்தைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. ஆகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூணுக்குக் கீழே போட்டு, மிஞ்சியவரை அங்கே உட்காரவைத்தேன். அவருக்கு வேலை: கண்ணை மூடிக்கொண்டு, தரையில் உரசும் காலடிகளை மட்டும் கேட்டு, எந்த ஜோடி இசையோடு நடக்கிறது என்று பாட்டு முடிந்ததும் கைகாட்ட வேண்டும். காலடி ஒன்றாகக் கேட்டால் இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். இரண்டாகக் கேட்டால் ஒருவர் முந்துகிறார்.

இந்த நாற்காலியில் அதிகம் தேறியவர் வங்கி அதிகாரி. தமக்குத் தாள ஞானமே இல்லை என்று படிவத்திலேயே எழுதியிருந்தவர், மூன்று ஞாயிறு அங்கே உட்கார்ந்தபின், யார் கால் முந்துகிறது என்பதை என்னைவிடச் சரியாகச் சொன்னார். கேட்கத் தெரிந்தது, காலுக்கு மட்டும் இன்னும் இறங்கவில்லை. பன்னிரண்டாம் வாரம்வரை முழுதாக இறங்கவும் இல்லை. ஆனால் ‘ஞானம் இல்லை’ என்ற வார்த்தையை அவர் விட்டுவிட்டார்.

ஜோடி மாற்றுவது எளிதில் நடந்துவிடவில்லை. டப்ளின் தம்பதியரில் கணவருக்கு மனைவி வேறொருவரோடு ஆடுவதில் சங்கடம். அங்கே மூன்று ஆண்டுகள் இல்லாத சங்கடம், தெரிந்த முகங்கள் உள்ள ஊரில் வந்திருக்கிறது. வற்புறுத்தவில்லை. கம்புப் பயிற்சியில் மாறுங்கள், அணைப்பில் மாற வேண்டாம் என்றேன். பெண்களோடு பெண்கள் ஆடுவதைத் தொடக்கம் முதலே வழக்கமாக்கியிருந்ததால், கூடத்தில் யாரும் யாரோடு ஆடினாலும் அது செய்தியாகாமல் போயிற்று. பத்தாம் வாரம் அவராகவே கப்பல்காரரிடம் ஃபாலோ செய்யப் போனார். திரும்பி வந்தபின் எதுவும் சொல்லாமல் மனைவியைத் தமிழாசிரியையிடம் லீட் செய்ய அனுப்பினார்.

மாணவியருள் ஒருவர் ஆறாம் வாரத்தோடு நின்றுவிட்டார். காணொளியில் பார்த்த ஆட்டத்தைக் கற்க வந்தவருக்கு நான் ஆறு வாரமாக நடையையே கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் தவறில்லை. முதல் நாளிலேயே அவருக்கு ஒரு சிறிய, பார்க்க அழகான வடிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் ஒருவேளை தங்கியிருப்பார். நடையே எல்லாம் என்று பேசும் ஆசிரியருக்கு இந்தப் பிடிவாதம் ஒரு நோய். எனக்கு அது உண்டு.

பன்னிரண்டாம் வாரம்

கடைசி ஞாயிறு அதே கூடத்தில் சிறிய மிலோங்கா வைத்தோம். முறைப்படியே, நான்கு பாட்டு கொண்ட தண்டாக்கள். ஒரு தண்டாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஜோடி மாறுவதற்காகக் கோர்த்தினா எனப்படும் அரை நிமிட வேற்று இசை. கோர்த்தினாவுக்கு நையாண்டி மேளத்தைப் போட்டேன். தளத்தை விட்டு இறங்க வேண்டிய நேரத்தில் இரண்டு பேர் இறங்காமல் ஆடினார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், ஒருவரை ஒருவர் முந்தாமல் சுற்ற வேண்டும் என்ற விதி களியல் வட்டம் கண்ட ஊருக்குப் புதிதாகவே இல்லை. எழுந்து போய் அழைக்காமல் தொலைவிலிருந்தே பார்வையாலும் தலையசைப்பாலும் அழைக்கும் கபெசேயோவைக் கற்பிக்க அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. கல்யாணப் பந்தியில் இங்கே ஓர் இலை காலி என்று கண்ணாலேயே கூப்பிட்டுப் பழகியவர்கள் நாம்.

இரண்டாவது தண்டா தி சார்லியுடையது. கப்பல்காரர் தமிழாசிரியையை நோக்கித் தலையசைத்தார். நான்கு பாட்டுக்கும் அவர் ஒரு வடிவம்கூடச் செய்யவில்லை. நடந்தார், நின்றார், எடை மாறுவதற்குக் காத்திருந்தார், மறுபடி நடந்தார். தூணுக்குக் கீழே நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருந்த வங்கி அதிகாரி, பாட்டு முடிந்ததும் அவர்கள் பக்கமே கையை நீட்டினார்.

நான் பார்க்கத் தவறியவர்கள்

இந்த ஏற்பாட்டில் மிகக் குறைவாகப் பெற்றவர்கள் டப்ளின் தம்பதியர் என்பதை ஒன்பதாம் வாரம்தான் உணர்ந்தேன். என் குறிப்பேட்டைப் புரட்டினால் கப்பல்காரரைப் பற்றியும் களியல்காரரைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இவர்களைப் பற்றி ‘நன்று’ என்பதற்கு மேல் ஒரு வரியில்லை. ஆசிரியரின் கண் தடுமாறுபவரிடமும் மிஞ்சி நிற்பவரிடமும் போகும். நடுவில் இருப்பவர்கள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, அதனால் யாரும் அவர்களைப் பார்ப்பதுமில்லை. அவர்கள் டாங்கோவை நன்றாக நடப்பார்கள். மூன்று தட்டுகளில் ஓடும் டாங்கோ வால்ஸை நான் போடும்போதெல்லாம் நாசூக்காகத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள் என்பதுகூட எனக்குக் கடைசி மிலோங்காவில்தான் கண்ணில் பட்டது.

அடுத்த வகுப்புக்கு எட்டுப் பேர் மீண்டும் வருகிறார்கள். புதிதாக நால்வர் சேர்கிறார்கள். முதல் நான்கு வாரம் வால்ஸிலிருந்து தொடங்குவது என்று திட்டமிட்டிருக்கிறேன். அதில் தம்பதியரும் புதியவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பார்கள். இதைச் சொல்ல அந்தச் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்தபோது, அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “நல்லதுதான் டீச்சரே. இந்தத் தடவையாவது எங்க ரெண்டு பேரையும் நாலு திட்டுத் திட்டுங்க.”